வேணி வேலுவான கதை

ஏலத்தோட்டம், போடிமெட்டுக்கு மேற்கே
14 ஆகஸ்ட் 1979

சாராள்,

இங்கே வந்து பதினோரு நாளாகிறது. எதிர்மலை எப்படி இருக்கும் என்று இன்னும் எனக்குத் தெரியாது. காலையில் கதவைத் திறந்தால் வாசற்படி இருக்கிறது, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. பத்து மணிக்கு மேல் அதிலிருந்து ஒரு மரம் வரும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. மத்தியானச் சோறு தின்று கை கழுவுவதற்குள் இரண்டும் திரும்பப் போய்விடும். நான் முழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே சில சமயம் பிடிபடுவதில்லை.

அண்ணன் சுருளிவேல் இங்கே மேற்பார்வை பார்க்கிறது. மதினி ஜக்கம்மாளுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் வந்திருக்கிறேன் என்று ஊரில் பேச்சு. எதற்காக ஆத்தா அனுப்பினாள் என்று உனக்கும் எனக்கும் தெரியும். உங்கள் வீட்டு மாடியில் ஆத்தா அப்படி என்னத்தைக் கண்டாள்? நீ என் மடியில் தலைவைத்து நாவல் வாசித்துக்கொண்டிருந்தாய், நான் உன் முடியைக் கோதிக்கொண்டிருந்தேன். "ரெண்டும் பச்சப் புள்ளைகளா? பத்தொம்பது வயசாச்சு, இதென்னடி பழக்கம்" என்றாள். அவ்வளவுதான். மறுவாரம் என் துணிப்பெட்டி ஜீப்பில் ஏறிவிட்டது.

பிள்ளை தூங்கும்போது நாம் வாடகைக்கு எடுத்துப் படித்த கதைகளை ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு தோழிகள் வந்தால், ஒருத்தி மற்றவளுக்காக மாப்பிள்ளையை விட்டுக்கொடுப்பாள். இல்லாவிட்டால் இருமி இருமிச் சாவாள். யாரும் சாகாமல், யாரையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு கதை நாம் படித்திருக்கிறோமா? நான் யோசித்தவரை இல்லை. அதனால் நானே ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். வேணி, தங்கம் என்று இரண்டு பேர். நோட்டை ஜீப் ஓட்டும் கண்ணுச்சாமி அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன், வாரத்துக்கு இரண்டு தரம் போடிக்கு வருவார். நீ இன்ஸ்டிடியூட்டில் டைப் அடித்துக் கொடு. என் கையெழுத்தை உன்னைத் தவிர யார் படிப்பார்கள்?

ஏலப்பூ எங்கே பூக்கும் தெரியுமா? தலைக்கு மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. அது வேரோடு ஒட்டி, தரையில் கிடக்கும் சரத்தில் பூக்கிறது. வெள்ளைப் பூ, நடுவில் ஊதாக் கோடு. குனிந்தால்தான் கண்ணுக்குப் படும். உன் அப்பா கடையில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவளே, நீ ஒரு பூவைக்கூடப் பார்த்ததில்லையே.

அன்னக்கொடி


போடி
27 ஆகஸ்ட் 1979

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், அதனால் முதல் வரி இப்படி. இப்போது எழுந்து கடைக்குப் போய்விட்டார். இனி என் கடிதம்.

நோட்டு வந்தது. ஏலக்காய் மூட்டைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாராம் கண்ணுச்சாமி அண்ணன், பிரித்தால் பாயசம் மாதிரி மணக்கிறது. இருபத்திரண்டு பக்கம் அடித்து முடித்தேன். மாஸ்டர் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னம்மா, இது பாடத்துல இல்லையே?" என்றார். "வேகம் வர்றதுக்கு சார்" என்றேன்.

காய் பொறுக்கும் கொட்டகையில் வேணியும் தங்கமும் பேசிக்கொள்ளும் இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மழைக்கு ஒதுங்கிக் காய் உலர்த்தும் வீட்டுக்குள், சூட்டில் கண் சொருகி, ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்கிப்போகிறார்களே, அந்தப் பக்கத்தை அடிக்கும்போது ஏழு பிழை. நான் சாதாரணமாக ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் விடமாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். வேணியின் இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பதாக எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிடலாமா? போடியில் அந்த மச்சத்தைத் தெரிந்தவர்கள் நிறைய.

சாராள்


ஏலத்தோட்டம்
9 செப்டம்பர் 1979

சாராள்,

மச்சத்தை எடுக்காதே.

மற்றதெல்லாம் கேள். நேற்று தொட்டில் கயிற்றைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிட்டேன். கனவில் ஒரு வீடு. சுவர் கிடையாது, சன்னல் மட்டும் இரண்டு, அந்தரத்தில் நின்றன. ஒன்றில் நீ, ஒன்றில் நான். நடுவே மேகம் போய்க்கொண்டிருந்தது. நீ ஏதோ சொன்னாய், கேட்கவில்லை. ஆனால் கேட்காததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முழித்துப் பார்த்தால் பிள்ளை என் விரலைச் சப்பிக்கொண்டிருக்கிறது. அப்படியே உட்கார்ந்து கதையின் முடிவை எழுதினேன். அந்த இரண்டு சன்னலையும் வைத்து வேணிக்கும் தங்கத்துக்கும் ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டேன். யாரும் வந்து அவர்களைப் பிரிக்கவில்லை. கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

போன மார்கழியில் இன்ஸ்டிடியூட் பிள்ளைகளோடு குரங்கணிக்குப் போனோமே. ஆற்றில் எல்லாரும் இறங்கி ஆடினார்கள், நாம் இருவரும் பாறையில் உட்கார்ந்திருந்தோம். உன் கை என் கைக்குள் இருந்தது, மத்தியானத்திலிருந்து பஸ் ஏறும்வரை. வீட்டுக்கு வந்து அந்தக் கையால் சோறு அள்ளவே எனக்கு மனசு வரவில்லை.

இதற்கு என்ன பெயர் என்று யோசிக்கிறேன். சிநேகம் என்றால் பத்தவில்லை. நம்மில் ஒருத்தி ஆணாக இருந்தால் ஊரே அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கும். எழுதட்டுமா? காதல். எழுதிவிட்டேன். அடுப்பங்கரையில் மதினி ரசத்துக்குத் தாளிக்கிறாள். ஒன்றும் இடிந்து விழவில்லை.

மதினி வாங்கும் வாரப் பத்திரிகையில் புதிய எழுத்தாளர்களுக்குக் கதைப் போட்டி வைத்திருக்கிறார்கள். விலாசத்தை வெட்டி, முடிவு எழுதிய தாள்களோடு வைத்திருக்கிறேன். நீ அடித்து முடித்ததும் நேராக அனுப்பிவிடு. எனக்குத் திருப்பி அனுப்பி நாளைக் கடத்தாதே. எங்காவது ஒரு ஊரில், நம்மைப் போல மாடியில் படுத்துக்கொண்டு யாராவது இரண்டு பேர் அதைப் படிக்கட்டும்.

அன்னக்கொடி


போடி
20 அக்டோபர் 1979

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

கதையை அனுப்பிவிட்டேன். முப்பத்தொரு பக்கம். பதில் என் விலாசத்துக்கு வரும்படி எழுதியிருக்கிறேன், உங்கள் தோட்டத்துக்குத் தபால் போய்ச் சேருவது நிச்சயமில்லை என்பதால்.

அப்பாவுக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் மகன் பள்ளிக்கூட வாத்தியாராம். வேறொன்றும் விசேஷமில்லை. நீ எழுதிய சொல்லைப் படித்தேன். பல தடவை படித்தேன். பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இந்த ஆறு வாரமும் போய்விட்டது. கோபப்படாதே.

சாராள்


ஏலத்தோட்டம்
18 ஜனவரி 1980

சாராளுக்கு,

பத்திரிகை வந்தது. மதினிதான் முதலில் பார்த்தாள். "ஏ அன்னக்கொடி, ஒம் பேரு போட்டுருக்குடி!" என்று களத்திலிருந்து கத்தினாள். காய் எடுக்கும் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். மதினி உரக்க வாசித்தாள். தங்கம் வந்தாள். கொட்டகை வந்தது. மழை வந்தது. பிறகு வேலு என்று ஒருத்தன் வந்தான்.

யார் இந்த வேலு? எனக்குத் தெரியாதவன். வேணி பேசியதையெல்லாம் அவன் பேசுகிறான். தங்கத்தின் தோளில் அவன் சாய்கிறான். மச்சம்கூட அவனுக்குப் போய்விட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். "நல்ல சோடி" என்று மலையாளத்துச் சேச்சி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

பத்திரிகைக்காரர்கள் செய்த வேலை என்று நினைத்து அன்றைக்கே எழுதினேன், ஏன் மாற்றினீர்கள் என்று. நேற்று பதில் வந்தது. "தாங்கள் அனுப்பிய தட்டச்சுப் பிரதியில் நாங்கள் ஒரு சொல்லும் மாற்றவில்லை."

அப்படியானால் நீதான். ஒவ்வொரு இடமாகத் தேடி, அவள் என்பதை அவன் என்று ஆக்கியிருக்கிறாய். எத்தனை நாள் உட்கார்ந்து செய்தாய்? மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு 'அவள்' தப்பிக் கிடக்கிறது. அச்சுப்பிழை என்று நினைத்து மதினி அதையும் 'அவன்' என்றே வாசித்தாள்.

உனக்காகத்தான் அந்தக் கதையை எழுதினேன். உனக்கென்று ஓர் இடம் வைத்தேன். நீ அதிலிருந்து எழுந்து போய், ஒரு ஆளைக் கூட்டிவந்து உட்காரவைத்துவிட்டாய்.

இனி எனக்கு எழுதாதே.

அன்னக்கொடி


போடி
25 ஜனவரி 1980

அன்னக்கொடி,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். ஆமாம், நான்தான். நான்கு மத்தியானம் ஆனது.

வேணியாகவே ஒரு பிரதி அடித்து உறையில் போட்டுத் தபாலாபீஸ் வாசல்வரை போனேன். அங்கே எங்கள் சபைப் போதகரின் மனைவி, ஐயர்வீட்டம்மா, நின்றிருந்தார்கள். "என்ன சாராள், யாருக்குக் கடுதாசி?" என்றார்கள். சாதாரணமாகத்தான் கேட்டார்கள். உறையைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டேன். ஒன்றுமில்லை ஆன்ட்டி என்று திரும்பி வந்துவிட்டேன். அந்தப் பிரதியை அடுப்பில் போட்டேன். மறுநாள்தான் வேலு பிறந்தான்.

நீ மூடுபனிக்குள் உட்கார்ந்து தைரியமாக எழுதுகிறாய். அங்கே உன்னைக் கேட்க அண்ணனும் மதினியும்தான். இங்கே எனக்கு ஒரு தெரு, ஒரு கோயில், அப்பாவின் கடை. என் காதுக்குக் கீழே மச்சம். உன் கதையில் நான் வேணியாக இருந்தால் போடியிலும் நான்தான் வேணியாக இருக்க வேண்டும். அது உனக்குத் தோன்றவே இல்லையா? என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

கோபத்தில் எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். நான் செய்தது துரோகம். மூன்றாம் பக்கத்து 'அவள்' தப்பியது அல்ல. அது நீ என் கையைப் பிடிக்கும் வரி. அந்த இடத்தில் மட்டும் எனக்குக் கை வரவில்லை.

சாராள்


(அஞ்சல் அட்டை)
போடி, 6 ஏப்ரல் 1980

அன்னக்கொடிக்கு, இது கார்டு, வழியில் எல்லாரும் படிப்பார்கள். உன் பதில் இல்லாமல் நான் எழுதுவது இது நான்காவது. பிள்ளை தவழ்கிறதா? உங்கள் பக்கம் கோடை மழை உண்டா? இங்கே வெயில் அதிகம். பதில் போடு. சாராள்.


போடி
30 ஜூன் 1980

அன்னக்கொடி,

இதற்கும் நீ பதில் போடாவிட்டால் நான் புரிந்துகொள்வேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மே மாதம் திண்டுக்கல்லிலிருந்து வந்து பேசி முடித்துவிட்டுப் போனார்கள். ஜூலையில் கோயிலில் மூன்று ஞாயிறு எங்கள் பெயரை ஓலை வாசித்து அறிவித்து, ஆகஸ்டில் கல்யாணம் என்று முடிவானது. அந்த மனுஷர் நல்லவர். என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "உங்களுக்குப் புஸ்தகம் பிடிக்குமா?" என்பதுதான். அப்போது எனக்கு அழுகை வந்தது. அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

உன் நோட்டு என்னிடம்தானே இருந்தது. மறுநாள் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். கார்பன் வைத்து ஐந்து பிரதி. வேணி வேணியாகவே. மச்சத்தோடு. கடைசிப் பிரதி மங்கல், கண்ணை இடுக்கித்தான் படிக்க வேண்டும். ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டு மற்றதை அங்கே படிக்கிற பெண்களிடம் கொடுத்தேன். கதை, படித்துவிட்டுக் கைமாற்றுங்கள் என்றேன்.

மூன்றாம் நாள் பொன்னுமணி என்று ஒருத்தி, அப்பா கடையில் காய் பொறுக்க வருகிற அம்மாளின் மகள், என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள். பதினெட்டு வயசு இருக்கும். "அக்கா, இப்பிடியும் கதை எழுதுவாகளா?" என்றாள். எழுதியிருக்கிறார்களே என்றேன். "நெசமா நடந்ததா?" என்றாள். சுற்றிலும் டக் டக்கென்று மிஷின் சத்தம். "நெசந்தான். அந்த வேணி நாந்தான்" என்றேன். வாயைவிட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் மேசை ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

அவளிடமிருந்து பிரதி அவள் அம்மா கைக்குப் போய், அங்கிருந்து அப்பா கைக்கு வந்துவிட்டது. அப்பா மத்தியானமே கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

"இத நீயா அடிச்ச?"

"ஆமாப்பா."

"எழுதுனது அந்தப் புள்ளயா?"

"ஆமா."

"இந்த வேணிங்கிறது யாரு?"

கதைதானே அப்பா என்று சொல்லியிருக்கலாம். வேலு மாதிரி இன்னொரு ஆளை அந்த நிமிஷமே பிறக்கவைத்திருக்கலாம். "நாந்தாம்பா" என்றேன்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "அந்தத் தம்பிக்கு நான் என்னத்தம்மா சொல்றது?" என்றார்.

"எனக்கு இஷ்டமில்லைன்னு சொல்லுங்கப்பா. அவுக மேல ஒரு குத்தமும் இல்லன்னும் சொல்லுங்க."

ஓலை வாசிக்க வேண்டாமென்று கோயிலில் சொல்லியாகிவிட்டது. அம்மா அழுகிறாள். அப்பா என்னோடு பேசுவதில்லை. கோயிலில் எங்கள் பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கிறது. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அதை வைத்துக்கொண்டே நடமாடப் பழகுகிறேன்.

என்னிடமிருந்த பிரதியை இத்தோடு கண்ணுச்சாமி அண்ணனிடம் தருகிறேன். அது உன்னுடையது.

சாராள்


ஏலத்தோட்டம்
12 ஜூலை 1980

சாராள்,

உன் நான்கு கடிதத்தையும் பிரிக்காமலே வைத்திருந்தேன். கார்டை மட்டும் மதினி வாசித்துக் காட்டினாள். முந்தாநாள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ஒரே மூச்சில் படித்தேன். வெளியே மழை. எந்த மாதத்தில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை, ஜனவரியில் கோபப்பட்டேன், ஏப்ரலில் வெயில் அடித்தது, ஜூனில் அழுதேன், நிமிர்ந்து பார்த்தால் உலையில் சோறு குழைந்துவிட்டது.

நீ கேட்டாயே, என்னை ஒரு வார்த்தை கேட்டாயா என்று. கேட்கவில்லை. உன் முகத்தை எடுத்துக் கதையில் வைத்தேன், அந்த முகத்தோடு நீ தெருவில் நடக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அது என் தப்பு. வேலுவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன் போலிருக்கிறது, எந்த நாளில் என்று தெரியாது.

பிரதியை மதினி கேட்டு வாங்கிப் படித்தாள். மத்தியானம் பூரா முற்றத்தில் உட்கார்ந்து படித்தாள், பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு அழுததைக்கூடக் கவனிக்கவில்லை. முடித்துவிட்டு என்னைப் பார்க்காமல், "வேலுவுக்கு இந்த வேணி எம்புட்டோ தேவல" என்றாள். கொஞ்சம் கழித்து, "உன் ஆத்தாவுக்கு விசயம் தெரியுமோ?" என்றாள். தெரியும் என்றேன்.

எனக்கும் மாமன் மகனைப் பேசுகிறார்கள். போன வாரம் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் குதித்தது. "என்னடி கிறுக்கு இது? ஊருல எவன் மூஞ்சிலயும் முழிக்க வேணாமா நாங்க?" மதினி சோறு போட்டுக்கொண்டே, "வேணாங்கிற புள்ளயக் கட்டிக் குடுத்து என்னத்தக் காணப் போறீக? அவ இங்கன இருக்கட்டும். இருவது புள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கா. அதுக்கு வேற ஆளு யாரு இருக்கா?" என்றாள். அண்ணன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனது. ஆனால் மாமன் வீட்டுக்கு அண்ணன்தான் கடுதாசி எழுதியது, எனக்குத் தெரியும். என்ன எழுதியதென்று கேட்கவில்லை.

ஆமாம், காய் எடுக்கும் பெண்களின் பிள்ளைகளை ஒரு கொட்டகையில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் தமிழில் கேட்டு மலையாளத்தில் பதில் சொல்கின்றன.

இன்னொரு செய்தி. செய்தியாக மட்டும் சொல்கிறேன். தோட்ட ஆபீசில் டைப் அடிக்கிற ஆள் வேலையை விட்டுக் கம்பத்துக்கே போய்விட்டார். ஆள் தேடுகிறார்கள். மிஷின் பழசு, 'ண' மட்டும் இரண்டு தரம் அடித்தால்தான் விழும். வா என்று நான் எழுதமாட்டேன். இந்தத் தடவை நீயே கேட்டு, நீயே சொல்.

அன்னக்கொடி


போடி
2 நவம்பர் 1980

அன்னக்கொடி,

ஆபீசிலிருந்து உத்தரவு வந்துவிட்டது, உனக்கே தெரிந்திருக்கும். மூன்று மாதத்துக்கு மேலாக இதைப் பற்றி உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நானாகவே யோசித்து, நானாகவே மனு அடித்து, நானாகவே போய்த் தபாலில் போட்டேன். வாசலில் ஐயர்வீட்டம்மா யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தாலும் போட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். சத்தியம் செய்யமாட்டேன்.

அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "அங்க ஆத்துத் தண்ணியா, ஊத்துத் தண்ணியா?" என்று கேட்டாள். ஊற்று என்றேன்.

நீ எழுதிய அந்தச் சொல்லுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. எனக்கும் அதேதான். சிநேகம் என்றால் எனக்கும் பத்தவில்லை.

வருகிற திங்கட்கிழமை, பத்தாம் தேதி, காலை பஸ்சில் புறப்படுகிறேன். அப்பாவிடம் தேதியைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கடைக்குப் போனார். சாயங்காலம் ஒரு கம்பளியோடு வந்தார், கறுப்பும் சிவப்பும் கட்டம் போட்டது. என் பெட்டியின் மேல் வைத்தார். "அந்த மலையில குளிரு எலும்பப் புடிக்கும்" என்றார். நாலு மாதத்தில் அப்பா என்னிடம் பேசியது இவ்வளவுதான். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "ஒண்ணு பத்துமா?" என்றார்.

ஒன்று பத்தும் அப்பா என்றேன்.

சாராள்


ஏலத்தோட்டம்
7 நவம்பர் 1980

சாராள்,

இதைக் கண்ணுச்சாமி அண்ணன் நாளைக்கே உன் கையில் கொடுத்துவிடும். அழுதுகொண்டு எழுதுகிறேன், எழுத்து கலைந்திருந்தால் பொறுத்துக்கொள்.

கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். மதினி சுண்ணாம்பு அடிக்கிறாள். அண்ணன் ஒரு கட்டிலைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, சோலி கிடக்கிறது என்று என்னைப் பார்க்காமலே போய்விட்டது. நீ யார் என்று பிள்ளைகள் கேட்டன. "வந்தப்புறம் நீங்களே கேளுங்க" என்றேன்.

பஸ்சில் முன் சீட்டில் உட்கார். வளைவு ஏறும்போது கீழே பார்க்காதே, தலை சுற்றும். வயிறு நிறையத் தின்றுவிட்டு ஏறாதே. போடிமெட்டில் சோதனைச் சாவடிக்கு முன்னால் இறங்கிவிடு. நான் விடிந்ததிலிருந்தே அங்கே நிற்பேன். இப்போதெல்லாம் மத்தியானம்வரை பனி விலகுவதில்லை. பக்கத்தில் நின்றாலும் ஆள் தெரியாது. பஸ் வந்த சத்தம் கேட்கும், நீ இறங்கியது எனக்குத் தெரியாது.

அதனால் இறங்கியதும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. சத்தமாகக் கூப்பிடு. சாவடியில் ஆட்கள் இருப்பார்கள், ஜீப்புக்காரர்கள் இருப்பார்கள், போடிக்காரர்கள் நாலு பேராவது இருப்பார்கள். இருக்கட்டும். நீ கூப்பிட்டால்தான் எந்தப் பக்கம் ஓடிவருவது என்று எனக்குத் தெரியும்.

அன்னக்கொடி